எட்டில் மூன்று காலி

இல்ல ஹாஜி, கோவிச்சுக்காதீங்க, அந்த ஜன்னல மூடித்தான் ஆகணும். கண்ணாடி மட்டும் போதாது, தகரத்தையும் இறக்கிடுங்க. எனக்காகக் கேக்கல. எனக்குக் காத்துன்னா உசிரு. இதுக்காகக் கேக்கறேன்... இதோ, கோட்டுக்குள்ள. வயிறு இல்ல, வயிறு இதுக்குப் பின்னாடி இருக்கு. இது கொட்டு. மண் உடம்பு, மீன் தோல். பிப்ரவரி மாசத்து ஈரக்காத்து ரெண்டு நிமிஷம் பட்டாப் போதும், தோலு தொளதொளன்னு ஆயிடும். 'தக்'குன்னு கேக்க வேண்டியது 'சொத்'துன்னு கேக்கும். அதனால உடம்புச் சூட்டுலயே கொண்டு போறேன். பன்ஹா ஸ்டேஷன்ல ஒரு அம்மா என்னப் பாத்து, "கட்டியாப்பா?"ன்னு கேட்டு துவா செஞ்சாங்க. ஆமீன்னு சொல்லிட்டேன். நின்னு விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா? எனக்கு வளவளன்னு பேசறது ஆகாது.

தந்தா ஸ்டேஷன் வரைக்கும்தான் ஹாஜி, நாப்பது நிமிஷம் பொறுத்துக்கங்க. நீங்க எங்க எறங்கணும்? ...அது இருக்கட்டும், எங்க எறங்கினாலும் அல்லா நல்லபடியா சேக்கட்டும்.

தந்தாவுல ஒரு இசைக்குழு இருக்கு. அதுல கொட்டுக்கு ஒரு எடம். பதினோரு மணிக்குத் தேர்வு. வருஷத்துக்கு ஒரு தடவ வைப்பாங்க, அம்பது வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு ஏப்ரல்ல அம்பது முடியுது. அதனால இதான் கடைசி. மூணாவதும் இதான். முத ரெண்டு தடவ என்னாச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? கேக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

பரீட்சை என்ன தெரியுமா? சொன்னா சிரிப்பீங்க. மக்ஸூம். அவ்வளவுதான்! கல்யாணத்துல கை தட்டற கிழவிக்குக்கூட தெரிஞ்ச தாளம். தும், தக், காலி, தக், தும், காலி, தக், காலி. எட்டு எண்ணிக்கை, அதுல மூணு காலி. அத ஒரு பாட்டுக்காரம்மா பின்னாடி உக்காந்து மூணு நிமிஷம் வாசிக்கணும். வெறுமனே. ஒரு உருட்டல் கூடாது, ஒரு சொடுக்கு கூடாது. காலின்னா காலி. அதத் தொட்டவன் எந்திரிச்சுப் போகணும்.

இதச் சொல்லறதுக்குன்னே அங்க ஒரு பெரியவர் இருக்காரு, உஸ்தாத் ஹில்மி. முத வருஷம் நாப்பதாவது நொடியில "ரொம்ப நன்றி"ன்னாரு. நான் பாராட்டறாருன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் வாசிச்சேன்.

ஒரே ஒரு காலியிலதான் ஹாஜி விரல் போச்சு! அதுவும் சின்னதா ஒரு நாலு தட்டு. சரி, ஆறு. அந்தம்மா மூச்சு வாங்க நிறுத்தினாங்க, அங்க சும்மா இருந்தா அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்காதா? ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்து வாசல்ல நிக்கறான், வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டோமா?

ரெண்டாவது வருஷம் கைய அடக்கிட்டேன். சத்தியமா, ஒரு காலியையும் தொடல. மூணு நிமிஷமும் முழுசா வாசிச்சேன். முடிச்சதும் உஸ்தாத் ஹில்மி கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. சரி, மனுஷன் கலங்கிட்டாருன்னு பாத்தா, "உங்க கை சும்மாதான் இருந்துச்சு பயூமி, மத்ததெல்லாம் வாசிச்சுது"ங்கறாரு. காலு தட்டுச்சாம். தல ஆடுச்சாம். ஒவ்வொரு காலியிலயும் நான் "அல்லாஹ்"ன்னு சொன்னேனாம். அல்லா பேரச் சொன்னதுக்கு ஒருத்தன வெளிய அனுப்பறாங்கன்னா, நாடு எங்க போகுதுன்னு பாத்துக்கங்க.

என்ன ஹாஜி? திர்மிஸ் பருப்பு வேணுமா? எடுத்துக்கங்க எடுத்துக்கங்க, மடியிலதான் இருக்கு. இன்ஸாஃப் ஊற வச்சுக் குடுத்தது. இன்ஸாஃப் என் வீட்டம்மா. இந்தப் பருப்புகூட தேர்வுக்காகத்தான். ஒவ்வொரு காலி வர்றப்பவும் வாயில ஒண்ணு போட்டுக்க, வாயாவது சும்மா இருக்கும்னு அவ யோசனை. நல்ல யோசனைதான். ஒரு சுத்துக்கு மூணு பருப்பு. மூணு நிமிஷத்துக்கு எத்தனன்னு நீங்களே கூட்டிப் பாருங்க. ஒரு வாரத்துல கோட்டுப் பொத்தான் சேரல. அதுவும் கெட்டதுல ஒரு நல்லது, பொத்தானப் பிரிச்சு நகத்தித் தச்சதுல கொட்டு உள்ள வைக்க எடம் கெடச்சுது.

அப்புறம் மேல் வீட்டு மெத்வல்லி. ரிட்டயரான வாத்தியாரு. நான் வாசிக்க ஆரம்பிச்சா கைத்தடியால தரையில இடிப்பாரு. நிறுத்துங்கறதுக்கு இடிக்கறாரு, சரி, இடிக்கட்டும். ஆனா எங்க இடிக்கறாரு? சரியாக் காலியில! தும், தக், டொம்! தக், தும், டொம்! தக், டொம்! ஒண்ணு தப்பல. மாடியேறிப் போயி, "வாத்தியாரே, தாளத்துல மூணு எடம் காலின்னு படிச்சதில்லையா?"ன்னு கேட்டேன். "எனக்கு உன் சத்தம் நின்ன எடத்துலதான் இடிக்கத் தோணுது"ன்னாரு. எனக்கும் அதே வியாதிதான்னு சொன்னேன். ரெண்டு பேரும் டீ குடிச்சோம். ரெண்டு மணி நேரம் பேசினோம். அவரு என்ன பேசினாருன்னு இப்ப ஞாபகம் வரல.

ஷர்பீனின்னு ஒருத்தர், கல்யாண பேண்டு வச்சிருக்காரு, இருவது வருஷமா அவருகிட்டதான் வாசிக்கறேன். இப்ப என்ன மேடையிலயே ஏத்தறதில்ல, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மட்டும்தான். ஏன்யான்னா, "பயூமி, மேடையில பாடறவனுக்கு மூச்சு வாங்க எடம் விட மாட்டேங்கற. ஊர்வலத்துல காரு ஹாரனே எல்லாத்தையும் ரொப்பிடுது, நீ ரொப்பறது தெரியாது"ங்கறாரு. ஹாரனோட ஹாரனா நிக்கறேன் ஹாஜி, அம்பது வயசுல.

யாரு... டிக்கெட்டா? பாத்தாச்சுய்யா, பன்ஹாவுலயே பாத்தாச்சு. போங்க. ...அங்க கதவுகிட்ட நின்னு என்னமோ கத்திட்டுப் போறாரு பாருங்க. நாலு பேரு பேசிக்கிட்டிருக்கற எடத்துல யாரு காதுல விழும்? ஒரு சேதி சொன்னா, கேக்கறவன் எப்ப காது குடுப்பான்னு பாத்துச் சொல்லணும். அதெல்லாம் இப்ப யாருக்குத் தெரியுது?

எதுல விட்டேன்? ஆங், வியாழக்கிழம. இதக் கேளுங்க, இது முக்கியம். போன வியாழக்கிழம சாயங்காலம். தொண்ட கட்டி எனக்குப் பேச்சே வரல. மெத்வல்லி மக வீட்டுக்குப் போயிருந்தாரு. பருப்பும் தீந்து போச்சு. சும்மா உக்காந்து வாசிச்சேன். தும், தக்... தக், தும்... தக்... அப்படியே போகுது. காலி வருது, போகுது. நான் ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்கு அது காலியா இருக்கு. நான் அது பக்கத்துல இருக்கேன். மூணு நிமிஷம் இல்ல, ஏழு நிமிஷம் ஹாஜி!

இன்ஸாஃப் அடுப்படியில முலூகியாக் கீரை கிண்டிக்கிட்டிருந்தா. கரண்டியோட வந்து வாசப்படியில நின்னா. "ரேடியோன்னு நெனச்சேன்"ன்னா. அங்கேயே நின்னுட்டா. முலூகியா அடிப்பிடிச்சுது. இருபத்தாறு வருஷத்துல அவ முலூகியா ஒரு நாளும் அடிப்பிடிச்சதில்ல. அடிப்பிடிச்சதையே ரெண்டு பேரும் தின்னோம். அப்படி ஒரு ருசி.

அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு வாங்கிடுவேன். கையில வந்தாச்சு. இந்தத் தோலு மட்டும் இறுக்கமா அங்க போய்ச் சேரணும்... என்ன ஹாஜி, கையப் புடிக்கறீங்க? ஜன்னலா? ஐயையோ, தகரத்தத் தூக்காதீங்க! ஒரு விரக்கடை கூட வேண்டாம். வெளிய என்ன இருக்கப் போகுது, தீவனப்புல் வயலும் எருமையும். தந்தா வந்ததும் நானே தொறந்து விடறேன்.

காலையில கெளம்பறப்ப இன்ஸாஃப் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "வழியில யாருகிட்டயும் பேசாத, வாய மூடிக்கிட்டு தந்தாவுல எறங்கு"ன்னா. நான் பேசறதுக்கும் கொட்டறதுக்கும் என்ன சம்பந்தம் ஹாஜி? சம்பந்தம் இருக்காம். பொம்பளைங்க சொல்றதுல பாதி...

வண்டி நின்னுடுச்சு. பிர்கத் ஸ்டேஷனா இருக்கும். இந்த வண்டி அங்க நிக்காதுதான், ஆனா சிக்னல் விழலேன்னா நிறுத்தி வச்சுடுவான். என்ன எந்திரிச்சிட்டீங்க? கழிப்பறைக்கா? பெட்டிய ஏன் தூக்கிட்டுப் போறீங்க, நான் பாத்துக்க மாட்டேனா? என்ன சைகை இது? புரியல ஹாஜி. சரி சரி, போயிட்டு வாங்க, அவசரம்னா பேச முடியாதுதான். எனக்கும் ஷர்பீனி மக நிக்காஹ்ல ஒரு தடவ...

போயிட்டாரு. நல்ல மனுஷன். அதிகம் பேச்சு இல்ல.

வாங்க ஐயா, உக்காருங்க. ஒருத்தர் இருந்தாரு, வர்ற வரைக்கும் உக்காருங்க. ஜன்னல மட்டும் தொடாதீங்க, கோட்டுக்குள்ள கொட்டு இருக்கு. ஒரு தேர்வுக்குப் போறேன். பதினோரு மணிக்கு ஆரம்பம். அகர வரிசையில கூப்பிடுவாங்க, ஒரு தடவதான், ஆளு இல்லேன்னா அடுத்த பேரு. அலிஃப் எழுத்துல நாலே பேரு, அடுத்த எழுத்து பே. நான் பயூமி. பதினொண்ணே காலுக்கெல்லாம் என் முறை. யூசுஃப்னு கடைசி எழுத்துல பேரு வச்சிருந்தா மத்தியானம் சாப்பிட்டுட்டுக்கூடப் போகலாம். எங்கப்பாவுக்கு அந்த யோசனையே இல்ல. இப்ப மணி பத்தே முக்கால். அடுத்த ஸ்டேஷன்தான், ஓடினா அஞ்சு நிமிஷம்.

வண்டி கெளம்பிடுச்சு. கடலை மிட்டாய் வாசன தூக்குதே... உங்க பெட்டியா? அடேயப்பா, இன்னும் சூடா இருக்கு. தந்தா மிட்டாய் மாதிரியே இருக்கே. தந்தா மிட்டாயேதானா? எங்க வாங்கினீங்க?

இப்பவா?

எந்த பிளாட்பாரத்துல?

...

அடுத்து எங்க நிக்கும்? தமன்ஹூரா. அங்கேருந்து திரும்பி வர... இல்ல, வேண்டாம், சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும்.

அவரு சொல்லியிருக்கலாம் ஐயா. பெரிய மனுஷன், ஹஜ்ஜு செஞ்சவரு. நாப்பது நிமிஷமா தோளோட தோளு இடிக்கப் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. இது தந்தா, எறங்குப்பான்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. அதச் சொல்ல எடமா இல்ல?

...

கோட்டு புழுங்குது. நீங்க வேணும்னா அந்த ஜன்னலத் தொறந்துக்கங்க, ஐயா. தகரத்தையும் தூக்கிடுங்க. இனிமே பரவாயில்ல.