சூரியனில் கட்டில்

மெட்ரோவில் என் எதிரே ஓய்வு பெறப்போகும் ஒரு தகப்பனாரும், சூரியனை ஆராய்கிற அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த வீடு வேண்டாம்மா. கட்டில் போட்டா தலை வடக்கே வருது. காந்தம் மூளையை இழுக்கும்.”

“குவார்ட்டர்ஸைக் காலி பண்ண இந்த மாசம்தான் இருக்குப்பா. சூரியன்ல கரும்புள்ளி ஜோடியா வரும். ஒண்ணு வடதுருவம், பக்கத்துலயே இன்னொண்ணு தென்துருவம். காந்தக் கோடு இதுலேர்ந்து கிளம்பி வளைஞ்சு அதுல இறங்கும். பதினோரு வருஷத்துக்கு ஒருதரம் அந்த வரிசையே தலைகீழா மாறிடும். அது பாட்டுக்கு நல்லாத்தானே எரியுது?”

சரோஜினி நகர் வரும்வரை அவர் யோசித்தார்.

“அச்சா. அப்ப சூரியன்ல கட்டிலை எந்தப் பக்கம் போட்டாலும் தப்புதானே?”

“தப்புதான்ப்பா.”

“அப்ப அதுவும் வேண்டாம். ஜல்தியா வேற வீடு பாரு.”