பைக்குள் மச்சான் அரிசி

"நாலு ஏக்கரா வெச்சிக்கினு ஊட்ல ஒரு புடி அரிசி இல்லப்பா" என்று ஒரு குரல் கேட்டதும்தான் திரும்பிப் பார்த்தேன். எழுபதுகளில் ஒருநாள், பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் பஸ். சொன்னவர் மடியில் ஒரு பை நிறைய வேர்க்கடலை வைத்திருந்தார். பக்கத்தில் குடையோடு ஒருவர், தெரிந்தவர் போல.

"இன்னாண்ணே, நெல்லு போடலியா?" என்றார் குடைக்காரர்.

"நெல்லு போட்டா லெவின்னு கவர்மெண்டுக்காரன் ஜீப்புல வந்து, ஏக்கராவுக்கு இத்தினி மூட்டைன்னு அவன் சொல்ற வெலைக்குத் தூக்கினு பூடறான். கடலைக்கு லெவி இல்ல. மில்லுக்காரன் களத்துக்கே வந்து வாங்கிக்கிறான். அதான், மொத்தமும் கடலை போட்டேன்."

"அப்போ ரேஷன்ல வாங்க வேண்டிதான?"

"நெலம் இருக்கறவனுக்கு ரேஷன் அரிசி கெடையாதாம். லெவிக்குப் பயந்துதான் கடலை போட்டேன்னு அவன்கிட்ட சொல்ல முடியுமா?"

"பின்னே சாப்பாட்டுக்கு?"

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவன் போல இருந்தேன்.

"மேலதான் கடலை. கீழ அரிசி. மச்சான் லெவிக்குக் குடுக்காம ஒளிச்சு வெச்சது."

புதுவாயலில் குடைக்காரர் எழுந்தார். "அடுத்த போகமாச்சும் நெல்லு போடுவியாண்ணே?"

"எனுக்கு எதுக்குப்பா அந்தப் பேஜாரு? கடலைதான். மச்சான வுடாம நெல்லு போடச் சொல்லி வெச்சிருக்கேன்."