கருவாட்டு வாடை அடிக்கும் டிரம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், ஆவடி தொழிற்சாலையில் இரும்போடு இரும்பாய் உழைத்து ஓய்வுபெற்ற அண்ணன் மனோகரன் அவர்களே, முன்வரிசையை முழுதாய் ஆண்டுகொண்டிருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையர்களே, திருமுல்லைவாயில் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்!

நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா ஆயிற்றே, இவன் நம்மைச் சிரிக்க வைப்பான் என்று வந்திருப்பீர்கள். இன்று என் நாக்கு சிரிப்புக்கு வளையவில்லை. நான் பயந்து போயிருக்கிறேன்.

அனிலின் என்றொரு ரசாயனம். எண்ணெய் போலிருக்கும். புதிதாய் இருக்கையில் நிறமில்லை, நாள்பட்டால் பழுப்பு. அதை அப்படியே யாரும் கடையில் வாங்குவதில்லை, ஒரு பொருள் இன்னொரு பொருளாவதற்கு நடுவிலே நிற்கிற இடைப்பொருள் அது. நீங்கள் உடுத்தும் துணியின் சாயத்துக்கு அது வேண்டும். உங்கள் வண்டியின் டயருக்கு அது வேண்டும். நீங்கள் படுக்கும் மெத்தைக்கும் அது வேண்டும். வேண்டும், வேண்டும் என்று நாடே கேட்கிற அந்தப் பொருள், மேலே பட்டால் எரியாது, அரிக்காது, வலிக்காது. சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கும். இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் கைவிடும். வலித்தால் ஓடலாம், வலிக்காத ஒன்றுக்கு எங்கே ஓடுவது?

இனி நடந்ததைக் கேளுங்கள். நம் மூன்றாவது தெருவில் ஜமீலா என்று ஒரு தாய். தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே தெரியாத ஊரில், பழைய டிரம் வாங்காத வீடு எது? போன வாரம் பழைய டிரம் விற்கும் வீராசாமியிடம் நீல டிரம் ஒன்று வாங்கினார். உள்ளே கருவாட்டு வாடை. மீன் வந்த டிரம் போலிருக்கிறது என்று நினைத்தார். மீன் சட்டியை நாம் எப்படிக் கழுவுவோம்? புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்போம் அல்லவா? அப்படியே தேய்த்தார், வெயிலில் காயவைத்தார், தண்ணீர் பிடித்தார். பின்வரிசையில் தலையாட்டுகிறீர்களே அம்மா, நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். என் வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள்.

அந்தத் தண்ணீரில் மகள் சபீனாவைக் குளிப்பாட்டினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதடு நீலம். நாவற்பழம் தின்றிருக்கிறாள் என்று நினைத்து, துப்பட்டா நுனியால் துடைத்திருக்கிறார் அந்தத் தாய். துடைத்தார், போகவில்லை. மறுபடி துடைத்தார், போகவில்லை. நகத்தைப் பார்த்தார், அதுவும் நீலம். மருத்துவமனையில் ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லேட் நிறம். டிரம்மில் அடித்தது மீன் வாடை இல்லை, அனிலின் வாடை என்று மருத்துவர்தான் சொன்னார். அதற்கென்று உள்ள மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். பிழைத்தாள், பெற்றவள் செய்த புண்ணியம். இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறாள்.

நேராக வீராசாமியிடம் போனேன். கெட்டவர் இல்லை, ஐயா, நம்மைப் போல வயிற்றுப்பாட்டுக்காரர். ஒட்டியிருந்த லேபிள் எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“சுரண்டிட்டேன் நைனா. மண்டையோட்டுப் படம் இருந்தா எவன் வாங்குவான்? அந்த லோடு முழுக்க இந்த ஏரியாவுலதான் வித்தேன். யாராருக்குன்னு நெனப்புல இல்ல.”

கேட்டீர்களா? இந்த ஏரியாவில்! உங்கள் சமையலறை மூலையிலா? உங்கள் மாடிப்படி அடியிலா? கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்து, கைமாறிக் கைமாறி எங்கே நிற்கிறதோ? கழுவினால் போகாது தாய்மார்களே, பிளாஸ்டிக்கே அந்த விஷத்தைக் குடித்து வைத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றாதீர்கள், சாக்கடையில் கவிழ்க்காதீர்கள், மூடிவிட்டுத் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள். தண்ணீர் மேலே பட்டிருந்தால் துணியைக் களைந்து, வேறு தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என்னம்மா? நடுவிலே நிற்கிற அந்த அம்மா என்னவோ சொல்கிறார். கொஞ்சம் அமைதி. யார், சரசாவா? சத்தமாகச் சொல்லுங்கள்.

“எங்க ஊட்ல கீற டிரம்மும் அவராண்ட வாங்குனதுதாண்ணா. பெரியவ இந்நேரம் சின்னவளக் குளிப்பாட்டிகினு இருப்பா.”

தலைவர் அவர்களே, சால்வையைத் தள்ளி வையுங்கள். தம்பி வெங்கட், உன் வண்டியை எடு. அம்மா, ஏறிக்கொண்டே போன் போடுங்கள், தண்ணீரைத் தொடாதே என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களும் எழுந்திருங்கள். இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி, வணக்கத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்வோம். வீட்டுக்குப் போங்கள்.