ராமலெட்சுமியின் உள்ளங்கை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். எல்லாவற்றையும் நானே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொண்டால் போதும்.

பரமக்குடியில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் நுண்ணுயிரியல் நடத்தினேன். யாரோ கண்டுபிடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அப்புறம்தான் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு மிளகாய்க் களத்தில் ராமலெட்சுமியைப் பார்த்தேன். நாள் முழுக்கக் காம்பு கிள்ளியவள், அதே கையால் கண்ணைத் துடைத்தாள். எரியவில்லை. களத்துப் பெண்கள் எல்லோரும் வேலைக்கு முன் ஒரே கிண்ணத்து விளக்கெண்ணெயில் கை நனைத்துக்கொள்வார்கள். அதைக் காரணமாக நான் நினைக்கவில்லை. அவள் உள்ளங்கைத் தோலில் உலகம் அறியாத ஒரு பாக்டீரியா இருந்தது. காரத்தைத் தின்றே வாழ்கிற உயிர்.

ஆய்வகத் தட்டில் மூன்று நாள்கூடத் தாங்காது. அதனால் வாரம் ஒருமுறை பஞ்சுக் குச்சியால் அவள் கையைத் துடைத்து எடுத்து வருவேன். அவளும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள்.

மாசி மாதம் அவள் காலில் கருவேல முள் ஏறியது. கால் வீங்கி, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பிரிக்காமல் என்னிடம் காட்டினாள்.

"இத முழுங்கவா டீச்சரம்மா? நீங்க சொன்னாச் சரி."

முழுங்கினால் கையில் இருப்பதும் செத்துப்போகும் என்று பயந்தேன். அந்த மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவா என்று மகள் துர்காதேவி இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம், காய்ச்சல் இறங்கிவிடும் என்றேன். எட்டாம் நாள் ராமலெட்சுமி இறந்தாள். குளிப்பாட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கையைத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

ஆமாம், கொன்றது நான்தான். அதற்காக என்னை அழச் சொல்லாதீர்கள். அந்த உயிருக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். அந்தக் களத்தில் வேறு யாருக்கு அந்தப் பெருமை கிடைத்தது?

காரியம் முடிந்து துர்காதேவி களத்துக்கு வந்தாள். காம்பு கிள்ளியபடியே அழுதாள், அதே கையால் கண்ணைத் துடைத்தாள்.

"எங்கம்மா கையில மட்டும் என்னத்தக் கண்டீங்க? இங்கன யாருக்குமே மொளகா எரியாதே."

துர்காதேவியின் கையைச் சோதித்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. பஞ்சுக் குச்சி பையில்தான் இருந்தது. ஆனால் அந்த உயிர் ராமலெட்சுமி ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டேன் சார். எழுதினால் எழுதியதுதான்.