பவதாரிணிக்கு நான் கொடுத்த கோப்பு

தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட எனக்குப் பிடிக்காது. மனைவி பாக்கியமேரி இறந்து, மகள் ஆன்சியும் கனடா போன பிறகு, கல்லூரி ஆய்வகத்தில் பவதாரிணியோடுதான் சாப்பிட்டேன். உசிலம்பட்டிப் பெண். முனைவர் பட்டத்துக்கு நான்தான் அவளுக்கு கைடு. "இம்புட்டுத்தானா சார் சாப்பிடுவீங்க?" என்று தன் டப்பாவிலிருந்து எடுத்து வைப்பாள்.

அவள் ஆய்வு உருகிய சிலிக்கேட் பற்றியது. மணல் உருகி ஓடுகிற சூட்டில் எதையும் அளப்பது பெரும்பாடு. அதனால் அணுக்களைக் கணினிக்குள் ஓடவிட்டு, எவ்வளவு வெப்பம் வாங்கும் என்று கணக்கிடுவோம். அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதற்கும் தள்ளுவதற்குமான எண்கள் ஒரு கோப்பில் இருக்கும். அதை கைடுதான் கொடுப்பார். மாணவர்கள் அதைச் சரிபார்ப்பதில்லை. கைடையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

ஒரு ஜனவரியில் அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. பட்டம் வாங்கியதும் வரச் சொன்னார்கள். ஓடி வந்து சொன்னாள். "சந்தோசம்மா" என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாக்கி ஒரே அத்தியாயம். அதற்குப் புதுக் கலவை, புதுக் கோப்பு. அதில் 4.87318 என்று இருக்க வேண்டிய எண்ணை 4.78318 என்று போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் பிறகு என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்த நாகஜோதி இதைக் கண்டுபிடித்தாள். இதற்காகக் கல்லூரியில் நீங்கள் அமைத்த விசாரணைக் குழு தட்டச்சுப் பிழை என்று எழுதியிருக்கிறது. பிழை இல்லை. தெரிந்துதான் மாற்றினேன்.

விடை எதுவும் வேறு ஆய்வகம் உலையில் அளந்திருந்த எண்ணோடு ஒட்டவில்லை. இரண்டு வருடம் தன் கணினி நிரலைச் சந்தேகப்பட்டாள், தன் படிப்பைச் சந்தேகப்பட்டாள். பாதியாக இளைத்துப் போனாள். ஜெர்மனி வேலை வேறு ஆளுக்குப் போனது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அவள் டப்பாவைத் திறந்ததும் தள்ளிப்போட்டேன்.

அவள் அப்பா ஆண்டிச்சாமி ஒருநாள் ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி நேரே என்னிடம் வந்தார். "அய்யா, பிள்ளைக்கு எப்பத்தான் முடியும்? ஊர்ல கேக்குறாக."

"எனக்கும் அவ மக மாதிரிதான் அண்ணே. பாத்துக்கிறேன்" என்றேன். அது பொய் இல்லை.

மார்ச்சில் விடுதியைக் காலி செய்துகொண்டு வந்தாள். ஆய்வை விட்டுவிடுவதாக எழுதிய கடிதம் கையில் இருந்தது. "என் புத்திக்கு எட்டல சார். உங்க நேரத்தையும் சேத்து வீணாக்கிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க" என்று தேம்பினாள்.

"பரவாயில்லம்மா" என்றேன். மனதார மன்னித்துத்தான் அனுப்பினேன்.