ஒயரைப் பிடுங்கிப் பார்த்த அக்காவுக்கு

அமிலக் கிடங்கின் அரணே! ஐயத்தையே அணிகலனாய்ப் பூண்ட ஆவணப் பிரிவின் அக்காவே! எடுத்த எடுப்பில் எவர் சொல்லையும் ஏற்காமல் முப்பத்தொரு ஆண்டுகள் எங்களை எரிச்சலூட்டியே காத்த 'சந்தேகக்கா' அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றாலே பாதிக்கு மேல் புளுகு என்று பல விழாக்களில் பின்வரிசையில் அமர்ந்து முணுமுணுத்தவர் தாங்கள். ஆகவே கடல் என்றும் மலை என்றும் தங்களைப் புகழப்போவதில்லை. டிரம் உருட்டிக் காய்த்த கைகள் எழுதிய மடல் இது. தாங்கள் அறியாத ஒன்றும் இதில் இருக்கிறது. முடியும் வரை எழுந்து போய்விடாதீர்கள்.

நம் கிடங்கில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் தலைமை அலுவலக இணையத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. 'தோலில் பட்டால்', 'கண்ணில் பட்டால்' என்று அதன் அடியில் இணைப்புகள் இருக்கும். தட்டினால் முதலுதவிப் பக்கம் திறக்கும். ஆனால் கடைசிக் கொட்டகையில் நெட் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. அதனால் அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொட்டகைக் கணினியிலேயே வைத்துவிட ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். ஒரே நாளில் முடித்தார். தட்டிக் காட்டினார், எல்லாம் திறந்தன, கைதட்டினோம்.

தாங்கள் தட்டவில்லை. "எல்லாமே சரியா இருக்கே, அதுதான்யா உதைக்குது" என்றபடி கணினியின் முதுகுப்பக்கம் கையை விட்டு நெட் ஒயரைப் பிடுங்கினீர்கள். மறுபடி தட்டினால் ஒன்றுகூடத் திறக்கவில்லை! பக்கங்கள்தான் இங்கே வந்திருந்தன. அவற்றினுள் இருந்த இணைப்புகள் தலைமை அலுவலகத்தின் முழு முகவரியையே சுமந்து நின்றன. புது வீட்டுக்குக் குடிவந்த பிறகும் தண்ணீருக்குப் பழைய வீட்டுக்கே ஓடுகிற கதை.

"நெட் இருந்தா வேலை செய்யும் மேடம்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"நெட் இருந்தா நீ எதுக்குய்யா?" என்றீர்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்! அத்தனையையும் தாங்களே திறந்து, தொலைதூர முகவரியை எடுத்துவிட்டு, 'இதே அடுக்கில் பக்கத்துக் கோப்பு' என்று ஒவ்வோர் இணைப்பையும் திருத்தினீர்கள். மூலக் கோப்புகள் கிடந்த தங்கள் கணினியில் சோதித்தால் அதுவும் ஏமாற்றும் என்று அதையும் நம்பவில்லை. நெட்டையே பார்த்திராத எடைமேடை அறையின் பழைய கணினிக்கு, மதியச் சாப்பாட்டு வேளையில், கைப்பையில் பென்டிரைவோடு நடந்தீர்கள்.

இனித்தான் தாங்கள் அறியாதது.

அந்த நடையை வாயில் காவலர் 'மீசை' பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று இத்தனை சுறுசுறுப்பு ஏன் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. "பென்டிரைவும் கையுமா அலையுறாங்களே, என்னத்தக் கடத்துறாங்க?" என்று தேநீர் வேளையில் கேட்டார். "பூனை கண்ண மூடிக்கிட்டா பால் குடிக்கிறது தெரியாதாக்கும்" என்றார் எங்களில் ஒருவர். சிரித்தோம். முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தும் தங்களுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது எங்கள் வெட்கம். மீசையோ லாரிகளின் மறைவில் நின்று, தாங்கள் போகும் நேரமும் வரும் நேரமும் பன்னிரண்டு நாள் குறித்தார். பதின்மூன்றாம் நாள் அறைக்குள்ளேயே வந்து பையைத் திறக்கச் சொன்னார்.

சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, பென்டிரைவ், டிக் போட்ட நீளப் பட்டியல். வேறொன்றும் இல்லை.

தாங்கள் கோபப்படவில்லை என்பதை அவர் இன்றும் வியந்து சொல்கிறார். "சந்தேகமா தம்பி? இந்த இடத்துல அந்தப் புத்தி உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. உக்காருங்க. நான் பாத்தத நான் நம்பறதில்ல, நீங்க தட்டிப் பாருங்க."

வந்த காரியத்தை மறக்காமல், இதிலும் ஏதோ சூது இருக்கும் என்றே மீசை ஒவ்வொன்றாகத் தட்டினார். அமிலப் பக்கத்தில் 'கண்ணில் பட்டால்' என்பதைத் தட்டியதும் நிமிர்ந்தார். "இது வரலியேக்கா?" அந்த ஒரு கோப்பு நகலில் விடுபட்டிருந்தது. பட்டியலில் அதற்கும் டிக் இருந்தது, தங்கள் கையாலேயே!

"பாத்தீங்களா, என்னையும் நம்பக்கூடாது" என்று சொல்லி அன்றே அதைச் சேர்த்து, எல்லாவற்றையும் கொட்டகைக் கணினியில் ஏற்றினீர்கள்.

சென்ற மாதம் கடைசிக் கொட்டகையில் டிரம் மூடி தெறித்து, சுமை தூக்கும் 'நெட்டை'யின் கண்ணில் அமிலம் பட்டது. அன்று நெட் இல்லை. ஒருவர் துணியால் துடைக்க ஓடினார், இன்னொருவர் எண்ணெய் விடச் சொன்னார். மீசை கணினியில் அந்த இணைப்பைத் தட்டினார்; திறந்தது. "தேய்க்காதீங்கடா! எதையும் ஊத்தாதீங்க, தண்ணி மட்டும்! விடாம ஊத்து!" என்று அதைப் பார்த்தே கத்தினார். மருத்துவமனை வண்டி வரும் வரை குழாய் மூடப்படவில்லை. அந்த நெட்டை இதோ முன்வரிசையில் அமர்ந்து இரண்டு கண்ணாலும் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, அக்கா, கூட்டத்தின் முன் மன்னிப்புக் கேட்கிறோம். தங்கள் நாற்காலிக்கு வருபவர் யாரோ, நாங்கள் அறியோம்; அவரை நம்பப்போவதுமில்லை. திங்கள்தோறும் ஒயரைப் பிடுங்கிவிட்டு நானூற்றுப் பன்னிரண்டையும் தட்டிப் பார்க்கும் பொறுப்பை மீசை தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் போட்ட டிக்கை நம் 'நெட்டை' சரிபார்க்கிறார்.

கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலின் நகல் ஒன்று கொட்டகைக் கணினியிலும் இருக்கிறது. நெட் இல்லாமல் திறக்கிறது; பார்த்துவிட்டோம். நோய்நொடியின்றி நூறாண்டு தாங்கள் வாழ்வீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறோம். எங்கள் சொல்லைத் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

தங்களைச் சந்தேகித்த குற்றத்துக்காக முதல் கையொப்பம் மீசையுடையது.
கீழே, சிரித்த குற்றத்துக்காக,
கிடங்குப் பணியாளர்கள் அனைவரும்.