பிரெஸ்காட்டின் பத்து விரல்கள்

“ஹலோ... ஆமா, சீமோர் கட்லர்தான் பேசறேன்... ஆமா, ஆமா... இல்ல மேடம், பிரெஸ்காட் இல்ல. கட்லர்... அம்பத்தாறு வருஷமா இதே பேருதான்...”

குவீன்ஸில் தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியைச் சீமோர் வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். அழைத்தவர் திருமதி ஓகார்மன். வால் ஸ்ட்ரீட்டில், வரும் திங்கட்கிழமை சீமோர் சேரவிருந்த பங்குத் தரகு நிறுவனத்தில், புது ஆட்களைச் சரிபார்க்கும் அதிகாரி. பழைய நிறுவனத்தை இழுத்து மூடி ஏழு மாதம் ஆகிறது. இந்த வயதில் இன்னொரு வேலை கிடைத்ததே பெரிது என்று மனைவி பெர்னிஸ் அவருக்குப் புதுச் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

“என் விரல்ரேகை வாஷிங்டன்ல போலீஸ் பதிவகத்துக்குப் போய் திரும்பி வந்துடுச்சா?... சரி... என்னது? அது ஏற்கெனவே பிரெஸ்காட்ங்கிற பேர்ல பதிவாகியிருக்கா?... நான் பேர மாத்திக்கிட்டுத் திரியற ஆளா? மேடம், அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா ஏழு மாசமா வீட்ல பாத்திரம் கழுவிட்டு இருப்பேனா?... இருங்க, இருங்க, வெச்சுடாதீங்க. சொல்லிடறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பங்குப் பத்திரத்தைத் தொடுகிற எவரானாலும், துணைத் தலைவரோ தபால் பிரிக்கிறவரோ, ரேகை கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இருபத்திரண்டு வருடம் பழைய நிறுவனத்தில் அதை எடுத்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் இந்தச் சீமோர்தான். ரேகை எடுக்கிறவரின் ரேகையை மட்டும் அங்கே யாரும் கேட்டதில்லை. அறுநூறு பேரின் விரலைப் பிடித்து மையில் உருட்டிய மனுஷன், இன்று தன் விரல் யாருடையது என்று சொல்ல முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“பதினாலு வருஷம் முன்னாடி மேடம். பிரெஸ்காட்னு ஒரு தரகர் புதுசா சேர்ந்தாரு... ஆமா, எல்லியட் பிரெஸ்காட். எங்க முதலாளியோட மாப்பிள்ளை. வெள்ளை வெளேர்னு சட்டை, கையில தங்கப் பொத்தான். மை பட்டுடும்னு கைய நீட்டவே மாட்டேங்கறாரு. ‘நீங்க எப்படிப் பண்றீங்க, காட்டுங்க’ன்னாரு. என் கட்டைவிரல உருட்டிக் காட்டினேன்... ஆமா, அவர் பேர் போட்ட அசல் ரேகை அட்டையிலதான்... ‘அடுத்த விரல் எப்படி?’ன்னாரு. அதையும் காட்டினேன்... ஆமா... ஆமா மேடம், பத்தும். ‘கட்லர், உங்க வேலை என்ன சுத்தம்!’ன்னாரு. அந்த ஆபீஸ்ல ஒருத்தர் என்னைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியல. அவர் கையெழுத்தப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டாரு. அப்புறம் குனிஞ்சு பார்க்கறேன், பத்தும் என்னோடது... இல்ல, கூப்பிடல. முதலாளி மாப்பிள்ளைய எப்படிங்க திரும்பக் கூப்பிடறது? ‘என் கண் முன்னால பதிச்சார்’னு சாட்சிக் கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன்... அவர் மேல எந்தக் குற்றமும் இல்லன்னு வாஷிங்டன்லேருந்து பதிலும் வந்துச்சு. எப்படி இருக்கும்? வண்டிய தப்பா நிறுத்தி அபராதம் கட்டினவன்கூட இல்லையே நான்!... சிரிக்கறீங்களா? சிரிங்க. என் பொண்டாட்டிகிட்ட இன்னிவரைக்கும் சொல்லாததே இதுக்குத்தான்.”

சீமோரும் கொஞ்சம் சிரித்தார். அசட்டுத்தனம் என்று எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“அவர் இப்ப எங்கயா? எனக்கெப்படி மேடம் தெரியும்?... உங்க கம்பெனியிலயா?... பழைய பதிவே போதும்னு சேர்த்துக்கிட்டீங்களா?... என் வேலைக்குக் கையெழுத்து போடப் போறதே அவர்தானா?... இப்பவே அவருக்கு லைன் குடுக்கறீங்களா? ஐயோ, நான் பனியனோட இருக்கேன்... சரி, சரி. ஆனா நீங்களும் லைன்லயே இருங்க மேடம். என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க.”

தன்னை அறியாமல் எழுந்து நின்றார். நிற்பதோடு விட்டிருக்கலாம். தொலைபேசியில் தெரியப்போகிற மாதிரி தலைமுடியை வேறு கோதிக்கொண்டார்.

“ஹலோ... குட் மார்னிங் சார்... ஆமா சார், அதே கட்லர்தான். ஞாபகம் வெச்சிருக்கீங்களே!... ஆமா, ஆமா... அப்படி எழுதித் தரணுமா? நீங்க ஒழுங்கா ரேகை குடுத்தீங்க, நான்தான் தபால்ல அட்டைய மாத்திப் போட்டுட்டேன்னு... சரி... எனக்குத் தனி அறையா?... ஜன்னலோடயா சார்?”

இருபத்திரண்டு வருடமும் அவர் உட்கார்ந்திருந்தது கீழ்த்தளத்தில், இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில். இந்த வேலைக்காகப் பெர்னிஸ் ஏழு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ‘சரி சார்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

“அவ்வளவு எதுக்கு சார்? பத்து நிமிஷம் வந்தீங்கன்னா புது அட்டையே போட்டுடலாமே. இப்பல்லாம் மையே கிடையாதாம். கண்ணாடி மேல விரல வெச்சா போதுமாம், சட்டைக்கு ஒண்ணும் ஆகாது... வேணாமா?... ஏன் சார்?... ஹலோ?... இல்ல சார், பத்து நிமிஷ வேலைக்குப் பதிலா ஜன்னல் வெச்ச அறையே தரேங்கறீங்களே, அதான் கேட்டேன்...”

சீமோர் தன் விரல்களைப் பார்த்தார்.

“அன்னிக்கும் சட்டைக்காக இல்ல, அப்படித்தானே சார்?... உங்க ரேகை ஏற்கெனவே எங்கயோ ஒரு போலீஸ் பதிவுல இருக்கு. அது வாஷிங்டன் போகக்கூடாது. அதுக்குத்தான் என்னைப் பாராட்டினீங்க. நான் ஒரு மடையன் சார், பதினாலு வருஷமா அந்த ஒரு வார்த்தைய நெனச்சு நெனச்சு பூரிச்சுப் போயிருக்கேன்... கத்தாதீங்க... இல்ல, எழுதித் தரமாட்டேன்... தரமாட்டேன் சார்... ஹலோ? ஹலோ?”

பிரெஸ்காட் வைத்துவிட்டார்.

“மேடம், இருக்கீங்களா?... எல்லாத்தையும் கேட்டீங்களா?... அப்ப எழுதிக்கோங்க. அவர் குடுக்கல, நான் குடுத்தேன். சாட்சிக் கையெழுத்து பொய். அதையும் விடாம எழுதுங்க... ஆமா, தெரியும், அதுக்கப்புறம் இந்தத் தொழில்ல என்னை யாரும் சேர்க்கமாட்டாங்க... ஆமா... திங்கட்கிழமை வரவேண்டாம். புரியுது... இல்ல மேடம், அழல, சளி... எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்தப் பத்து ரேகையையும் அவர் பேர்லேருந்து எடுத்துடுங்க. என் பேர்ல போடுங்க... கட்லர். சீமோர் கட்லர்... ஆமா, ஆமா. வெச்சுடறேன்.”